‘ஓவர் மை டெட் பாடி’: எங்கே தவறுகிறோம்?

2002 ஜனவரி 5 அன்று கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ நகரில் பேசிய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், மக்கள்மீதான வரியை உயர்த்த விடமாட்டேன் என்று சூளுரைக்க நினைத்தார். வாயிலிருந்து வந்ததோ, ‘நாட் ஓவர் மை டெட் பாடி வில் தே ரெய்ஸ் யுவர் டாக்ஸஸ்’. அவர் சொல்லவந்தது எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் தொடக்கத்தில் நின்ற அந்த ‘நாட்’ வாக்கியத்தின் பொருளையே குப்புறத் தள்ளிவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே இடறிய இடம் இது. நாம் இடறுவதில் வியப்பில்லை.

‘ஓவர் மை டெட் பாடி’ (என் பிணத்தைத் தாண்டித்தான்) என்ற ஆங்கிலத் தொடருக்குள் ஒரு காட்சி இருக்கிறது. ஒருவர் வழியை மறித்து நிற்கிறார். ‘என்னைக் கொன்று, என் உடலைத் தாண்டித்தான் நீ போகமுடியும்’ என்கிறார். அவர் உயிரோடு நிற்கிறார்; ஆகவே எதிரே இருப்பவர் போகப்போவதில்லை. ‘மாட்டேன்’, ‘கூடாது’, ‘நடக்காது’ ஆகிய எல்லாமே அந்தக் காட்சியில் அடங்கிவிட்டன. தனியாக ஓர் எதிர்மறைச் சொல் தேவையே இல்லை.

இதை மறப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. ‘நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டை நீ விற்க முடியாது’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகிறவர், அந்த ‘முடியாது’வையும் கூடவே கொண்டுபோய், ‘யூ வோன்ட் செல் திஸ் ஹவுஸ் ஓவர் மை டெட் பாடி’ என்கிறார். ‘யூ வில் செல்’ என்பதுதான் சரி. தமிழிலேயே இதற்கு நெருக்கமான இன்னொரு வாக்கியம் இருக்கிறதே: ‘என் பிணத்தைத் தாண்டித்தான் விற்பாய்’. அங்கும் எதிர்மறைச் சொல் இல்லை. ‘தான்’ என்ற சிறு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனால் வழி தவறாது.

தொடரை வாக்கியத்தின் முன்னால் வைத்தால் புஷ் சொன்னதுபோல ‘வில் தே’ என்று வரிசை மாறும். ‘தே வில்’ அன்று. ‘நெவர்’ என்று தொடங்கும் வாக்கியங்களில் வரும் அதே மாற்றம். எதிர்மறைச் சொல் எதுவும் கண்ணில் படாதபோதும், ஆங்கில இலக்கணம் இதை ஒரு மறுப்பாகவே நடத்துகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விநோதம்.

‘ஓவர்’ என்பதற்குப் பதில் ‘ஆன்’ போடுவது நமக்கே உரிய பிழை. தமிழில் ‘மேல்’ இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் வந்த வினை. ‘ஆன்’ என்றால் உடலின்மேல் நிற்பது. இங்கே வேண்டியது கடப்பது.

அடுத்த குழப்பம், யார் செய்யும் செயல் என்பது. ‘கூட்டத்துக்கு வருகிறீர்களா?’ என்று கேட்டவரிடம் ‘ஓவர் மை டெட் பாடி’ என்று பதில் சொல்வது பொருந்தாது. இந்தத் தொடர் பிறர் செய்யவிருப்பதைத் தடுப்பதற்கானது. நான் ஒன்றைச் செய்யவே மாட்டேன் என்பதற்கு ‘ஐ உட் ராதர் டை’ இருக்கிறது. ஓர் ஆடையை அணியவோ ஓரிடத்தில் தலைகாட்டவோ வெட்கப்படுகிறவர் ‘ஐ வுடுன்ட் பி காட் டெட்’ என்பார். மூன்றிலும் சாவு வருகிறது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குவது வேறு இடத்தில். ஆங்கிலத்தில் இது பழகித் தேய்ந்த தொடர். பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்னும் மகளிடம் தந்தை பாதிச் சிரிப்போடும் சொல்லலாம். அதைத் தமிழில் ‘நான் செத்துவிடுவேன்’ என்று எழுதினால் தற்கொலை மிரட்டலாகிவிடுகிறது. மூலத்தில் அப்படி எதுவும் இல்லை. ‘பிணத்தைத் தாண்டி’ என்பதற்கும் நாடக மேடையின் கனம் உண்டு, உண்மையிலேயே அனல் பறக்கும் சண்டைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பேச்சுக்கு ‘நான் இருக்கும்வரை நடக்காது’ போதும். அரசியல் செய்திக்கு ‘எக்காரணம் கொண்டும் அனுமதிக்க மாட்டேன்’ என்பதே நிதானமானது.

அலுவலகக் கடிதத்தில் இத்தொடர் வேண்டாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் அங்கே அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். யாராவது இறந்திருக்கும் வீட்டில் இதை வேடிக்கைக்காகக்கூடச் சொல்லக் கூடாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

‘மை’ என்பதை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றலாம். ‘ஓவர் ஹிஸ் டெட் பாடி’ என்றால் அவர் விடமாட்டார் என்று பொருள். பலர் சேர்ந்து எதிர்த்தால் ‘ஓவர் அவர் டெட் பாடீஸ்’. ஆனால் ‘மை’யை எடுத்துவிட்டு ‘ஓவர் எ டெட் பாடி’ என்று சொன்னால், கேட்பவர் தரையில் பிணத்தைத் தேடுவார்.