மூக்கில் சதையா? எந்தப் பக்கம், ரத்தம் வருகிறதா என்று முதலில் பாருங்கள்

புளியரை, செங்கோட்டை, களியக்காவிளை வட்டாரத்தில் மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு ஒருவருக்குத் தடுமன் இருக்கும். அதனாலேயே மாதக்கணக்கில் அடைத்திருக்கும் மூக்கையும் தடுமன் என்று விட்டுவிடுகிறார்கள். 12 வாரம் தாண்டிய அடைப்பு சாதாரணத் தடுமன் அல்ல, மூக்குக்குள் பார்த்தாக வேண்டும்.

குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடுங்கள். இரு பக்கமும் ஆவி படிய வேண்டும். நல்ல மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி லேசாக அடைக்கும். ஆகவே காலை, மதியம், இரவு என்று சில நாள் பார்த்துக் குறித்து வையுங்கள். எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் சந்தேகம். வாசனையையும் ஒவ்வொரு துளையாக, கண்ணை மூடிக் காப்பித்தூளில் சோதியுங்கள். விக்ஸ் வேண்டாம், மணமே தெரியாதவருக்கும் அதன் காரம் உறைக்கும்.

டார்ச் அடித்தால் பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாக ஒரு மேடு தெரியும். பலரும் சதை என்று பயப்படுவது இதைத்தான். இது எல்லோருக்கும் இயல்பாக உள்ள மூக்குச் சுவரின் மடிப்பு, பெயர் டர்பினேட். மருத்துவர் கருவியால் தொட்டால் வலிக்கும், சொட்டு மருந்து விட்டால் சுருங்கும். பாலிப் என்னும் சதை வளர்ச்சி அப்படியல்ல: உரித்த திராட்சை போல வெளிறி, தொட்டாலும் வலிக்காமல், பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். கூடவே ஆஸ்துமாவோ ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரே பக்கம் வளர்ந்தால் கதை வேறு. பிள்ளைகளுக்கு அது சைனஸிலிருந்து தொண்டைப் பக்கம் இறங்கும் ஒற்றைப் பாலிப்பாக இருக்கலாம். பெரியவர்களுக்கு, அதிலும் மர மில்லில் தூசி குடித்தவர்களுக்கு, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே தீர வேண்டும். கன்னம் மரத்துப்போவது, மேல்பல் ஆடுவது, கண் பிதுங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது இருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கருத்த பொருக்கும் முகவலியும் வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

நம் பக்கம் மறக்கக் கூடாதது ரைனோஸ்போரிடியோசிஸ். மாடும் மனிதரும் சேர்ந்து குளிக்கும் தேங்கிய குளத்தோடு தொடர்புள்ள நோய் இது. சிவந்து சொரசொரப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். தொட்டாலே ரத்தம் வரும். வெறுமனே பிடுங்கினால் திரும்ப முளைக்கும். வேர்ப்பகுதியைச் சுட்டுக் கரிக்க வேண்டும். குளத்தில் குளிக்கும் வழக்கத்தை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி பெரிதாக வலிக்காது. மரப்பு மருந்தும் சுருக்க மருந்தும் வைத்துச் சில நிமிடம் காத்திருந்து, பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் குழாயை விடுவார்கள். பிறகு சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேக்குச் செலவழிக்காதீர்கள், அதில் நுணுக்கம் தெரியாது. தடுமன் உச்சத்தில் இருக்கும்போது ஸ்கேன் எடுத்தால் வீக்கமும் சளியும் சேர்ந்து குழப்பும். திருவனந்தபுரத்துக்குப் போனாலும் திருநெல்வேலிக்குப் போனாலும் படத்தோடு ஸ்கேன் பதிந்த குறுந்தட்டையும் வாங்கி வையுங்கள்.

பரிசோதனைக்குச் சதைத் துண்டு எடுப்பது ஸ்கேனுக்குப் பிறகுதான். பருவ வயதுப் பையனுக்கு ஒரு பக்க அடைப்பும் ரத்தப்போக்கும் இருந்தால் அது ரத்தக்குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமா கட்டியாக இருக்கலாம். துண்டு எடுத்தால் ரத்தம் நிற்காது. கைக்குழந்தை அழும்போது பெரிதாகும் கட்டி மூளையுறையின் பிதுக்கமாக இருக்கலாம், ஊசிகூடப் படக் கூடாது. அறுவை நடந்தால் எடுத்த சதை முழுவதும் பரிசோதனைக்குப் போக வேண்டும், வலதும் இடதும் தனித்தனிப் பாட்டிலில்.