பூனையைக் காரில் அழைத்துச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்றாலும், பின்னிருக்கையில் ஒரு பூனை அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டே வந்தால் அந்தத் தூரம் முடிவதாகத் தெரியாது. பூனைக்குக் கார் ஒத்துவராது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில், காரைக் கிளப்புவதற்கு வெகு முன்பே தவறு நடந்து முடிந்துவிடுகிறது.

புறப்படும் நாளன்றுதான் கூண்டைப் பரணிலிருந்து இறக்குகிறோம். ஆண்டுக்கொரு முறை தடுப்பூசிக்காக மட்டுமே வெளியே வரும் கூண்டு பூனையின் மனத்தில் ஊசியாகவே பதிந்திருப்பதால், அது பரணில் உரசும் சத்தம் கேட்டதுமே பீரோவுக்குப் பின்னால் புகுந்துகொள்கிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கூண்டைக் கூடத்தின் ஒரு மூலையில் கதவைத் திறந்து வைத்து, பூனை வழக்கமாகப் படுக்கும் துண்டைத் துவைக்காமல் அப்படியே உள்ளே விரித்து, ஒரு வேளைச் சாப்பாட்டை முதலில் கூண்டின் வாசலிலும் பிறகு நாளுக்கு நாள் சற்று உள்ளே தள்ளியும் வைத்து வந்தால், பெரும்பாலான பூனைகள் தாமாகவே அதற்குள் போய்த் தூங்கத் தொடங்கிவிடும். அதன்பின் நிற்கும் காரில் சிறிது நேரம், எஞ்சின் ஓடும்போது சிறிது நேரம், தெருவை ஒரு சுற்று என்று பழக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கூண்டு இல்லையென்று சாக்கில் கட்டிக் கொண்டுபோவது காற்றும் வெளிச்சமும் இல்லாத கொடுமை. (நம் கிராமங்களில் சாக்கு என்பது, தொல்லை தரும் பூனையை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரப் பயன்படுவது, விட்டவர் வீட்டுக்கே திரும்பி வந்த பூனைகளும் உண்டு.) மடியில் வைத்துக்கொள்வதும் ஆபத்தே. பயந்த பூனை இருட்டும் இடுக்குமான இடத்தைத் தேடும். காரில் அப்படிப்பட்ட இடம் ஓட்டுநரின் காலடியில், பிரேக்குக்குக் கீழே இருக்கிறது. சம்பா அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை உலரும் நெல் அடைத்துக்கொள்ள, எதிரில் வரும் லாரிக்காகச் சட்டென்று பிரேக் போட வேண்டியிருக்கும் என்பதால், கூண்டு நகராதபடி முன்னிருக்கைக்குப் பின்னால் தரையில் பொருத்தி, காற்று புகும்படி மெல்லிய துணியால் மூட வேண்டும். அணைக்கரையில் டீக்கு நிறுத்தும்போது, பாவம் பார்த்துக் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். கொள்ளிடக் கரைப் புதருக்குள் பாய்ந்த பூனை கூப்பிட்டால் வராது. இரண்டு பூனைகளுக்கு இரண்டு கூண்டுகள் வேண்டும்.

வயிறு நிறைய ஊட்டி வழியனுப்புவது மனிதர்களுக்குச் சரி. வளர்ந்த பூனைக்குப் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடலாம், தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. வாயில் எச்சில் ஒழுகினால் அது குமட்டலின் அறிகுறி.

சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காருக்குள், பத்து நிமிடத்திலேயே வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நாய் வாயைத் திறந்து மூச்சுவாங்குவது இயல்பு, பூனை அப்படிச் செய்தால் அது அச்சமாகவோ வெப்பத் தாக்கமாகவோ இருக்கலாம், ஏ.சி.யில் சில நிமிடங்களில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

அமைதிப்படுத்துவதாக எண்ணி வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. பாரசிட்டமால் சிறிதளவே பூனையைக் கொன்றுவிடும். பயணத்துக்கென்று கபாபென்டின் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ முன்கூட்டியே கேட்டு, பயணத்துக்கு முன் ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் வீடு முழுவதையும் திறந்துவிடுவதும் தவறே. முற்றம் வைத்த பழைய வீடென்றால் தூணில் ஏறி ஓட்டுக்கு மேலே போய்விடும். கதவுள்ள ஓர் அறையில் மணல் தட்டு, தண்ணீர், அதே துவைக்காத துண்டு ஆகியவற்றோடு விட்டு, பூனை தானாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகே அடுத்த அறையைத் திறக்கலாம்.