பத்திரத்தில் தாத்தா பெயர் இருக்கிறது: பினாங்கு, கோலாலம்பூரில் முன்னோரைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலப் பத்திரத்தை எழுதிய குமாஸ்தாவுக்கு உங்கள் வம்சாவளி தேவைப்படவில்லை. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எவ்வளவு பணம், எந்த நிலம், இவ்வளவுதான் அவருடைய கவலை. உயிலும் அப்படித்தான், சொத்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் அதில் பேச்சு. பழைய தாள்களை வைத்துக்கொண்டு பூட்டனையும் பாட்டனையும் தேடும் நம்மவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு பெயர் கண்ணில் பட்டதுமே குடும்ப மரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். "இந்தப் பெயர் இந்தத் தாளில் எதற்காக இருக்கிறது?" என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

பெயர் இருப்பதால் நிலம் அவருடையது என்று நினைப்பது

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் கொடி ஏற்றினார். 1807-ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தோடு ஆங்கிலச் சட்டமும் நீதிமன்றமும் முறையாக வந்தன. நிலம் கைமாறுவதும் இங்கிலாந்து முறையிலேயே நடந்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தனிப் பத்திரம் எழுதி, பழைய பத்திரங்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைப்பார்கள்.

அந்த முறையில் அடமானம் என்றால் கடன் வாங்குபவர் நிலத்தையே கடன் கொடுப்பவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். பணத்தைக் கட்டினால் திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் நடுவில் எங்கோ இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தால் முழு விற்பனை போலவே தெரியும். லெபோ பினாங்குத் தெருவின் கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த இடம்) உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த ஒரு செட்டியாரின் பெயர் பல பத்திரங்களில் 'வாங்கியவர்' இடத்தில் இருப்பது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பூட்டனாருக்கு ஜார்ஜ்டவுனில் பாதித் தெரு சொந்தம் என்று சொல்லிவிடக் கூடாது. மீட்பு விதி இருக்கிறதா, பின்னால் மறுபடி எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்துக்கும் இது பொருந்தும். உங்கள் பாட்டனார் நிலத்தை 'விற்றுவிட்டார்' என்று காட்டும் தாள், அவர் அவசரத்துக்கு அடகு வைத்ததாக மட்டும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. செட்டியார் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் முதலாளியின் முகவர். முதலாளி காரைக்குடிப் பக்கத்தை விட்டு நகராமலே இருந்திருக்கலாம். 'அதிகார பத்திரத்தின்படி' என்ற வரியைத் தவறவிட்டால் முகவரும் முதலாளியும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

கோலாலம்பூரில் கதை வேறு. சிலாங்கூரில் 1890-களிலிருந்தே டோரன்ஸ் முறை. பதிவேட்டில் இருக்கும் பட்டாதான் உரிமை. கடன் வாங்கினாலும் நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், கடன் ஒரு குறிப்பாக மட்டும் பட்டாவில் ஏறும். பினாங்குப் பத்திரம் படித்துப் பழகியவர் கோலாலம்பூர் பட்டாவைப் படிக்கும்போதும், அதேபோல எதிர்த் திசையிலும், இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'சித்தப்பா எழுதி வாங்கிக்கொண்டார்'

குடும்பங்களில் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கு இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. தாத்தா இறந்ததும் பட்டாவில் ஒரே ஒரு மகனின் பெயர் ஏறியிருக்கும். மற்றவர்கள் பெயர் இருக்காது. பார்த்ததும் கோபம் வரும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மலாயில் 'செபாகாய் வாக்கில்' என்று இருந்தால் அவர் இறந்தவரின் பிரதிநிதியாக நிற்கிறார். 'பெமெகாங் அமானா' என்று இருந்தால் அறங்காவலர். நிலம் அவருடையது என்று அதற்குப் பொருள் கிடையாது. உயில்படியோ சட்டப்படியோ பிரித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது என்றுதான் பொருள். பினாங்குப் பத்திரங்களிலும் 'உயிலை நிறைவேற்றுபவர்' என்ற தகுதியில் மூத்த மகனோ, நம்பிக்கையான கடைக்காரரோ, வக்கீலோ நிற்பது சாதாரணம். அவர் பின்னால் பிரித்துக் கொடுத்தாரா என்பது தனிக் கேள்வி. அதற்கு அடுத்த பதிவைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஒருவரைத் திருடர் என்று குடும்ப வரலாற்றில் எழுதி வைப்பது பெரிய அநியாயம்; இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது.

முன்கதையைத் தாண்டிப் போவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் வருத்தமான தவறு இதுதான். ஏனென்றால் கையில் இருக்கும் புதையலையே விட்டுவிடுகிறார்கள்.

பினாங்குப் பத்திரத்தின் தொடக்கத்தில் 'வேர்ஆஸ்' (Whereas) என்று ஆரம்பிக்கும் பத்திகள் வரிசையாக வரும். சட்ட ஆங்கிலம், முற்றுப்புள்ளி இல்லாத நீண்ட வாக்கியம். சலிப்பில் எல்லோரும் நேராக விலைக்கும் கையெழுத்துக்கும் போய்விடுவார்கள். ஆனால் நிலம் இந்த விற்பனையாளர் கைக்கு எப்படி வந்தது என்ற கதை முழுவதும் அந்தப் பத்திகளில்தான் இருக்கிறது. இன்னார் இன்ன ஆண்டில் நிலத்தை வாங்கினார், உயில் எழுதாமல் இறந்தார், மனைவியையும் இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் விட்டுச் சென்றார், மனைவிக்கு நீதிமன்றம் நிர்வாக உரிமை கொடுத்தது, மூத்தவர் பிறகு இந்தியாவில் காலமானார் என்று படிப்படியாகப் போகும். பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் ஒரு பெண்ணின் பெயரும், அவள் யார் மகள் என்பதும் வேறு எந்தத் தாளிலும் கிடைக்காமல் இங்கே மட்டும் கிடைக்கலாம். 'இயற்கையான அன்பும் பாசமும் கருதி' என்று காரணம் சொல்லியிருந்தால் அது சொந்தத்துக்குள் நடந்த கொடை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் என்ன உறவு என்று தேடுவது வீண் போகாது.

முன்கதையில் குறிப்பிடும் முந்தைய பத்திரங்களின் தேதியையும் பதிவுத் தொகுதி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள்தான் அடுத்த படி. பலர் முதல் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்து உறவினருக்கு அனுப்புகிறார்கள். பின்பக்கத்தில் பதிவு எண், சாட்சிகள், சில சமயம் எல்லைகளோடு கூடிய வரைபடம் எல்லாம் இருக்கும். எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். அப்புறம், தயவுசெய்து பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள், டேப்பும் ஒட்டாதீர்கள். அதன் பிறகு யாராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

ஒரே எழுத்துக்கூட்டில் தேடுவது

ராமசாமி என்ற ஒரு பெயரை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் ஐந்தாறு விதமாக எழுதியிருக்கிறார்கள். மரைக்காயர் என்பது மெரிக்கன், மரிக்கான், மரைக்கார் என்று மாறும். செட்டியார் கடைகளின் விலாசத்தில், அதாவது கடையின் அடையாளமான முதலெழுத்து வரிசையில், வரும் எழுத்துகளை, தமிழில் சொல்வது போலவே 'கானா', 'மூனா', 'சீனா' என்று கேட்டு, அதையே ஆளின் முதல் பெயர் போல எழுதிவிட்டார்கள். அதனால் அட்டவணையில் சொக்கலிங்கத்தைத் தேடினால் கிடைக்காது. 'மூனா' என்ற இடத்தில் இருப்பார். அந்த எழுத்துகளை அப்பாவின் முதலெழுத்து என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. கடையைத் தொடங்கிய முன்னோர், பங்காளிகள் பெயரிலிருந்தும் அவை வந்திருக்கும்.

ஆங்கிலப் பத்திரத்தின் அடியில் உங்கள் முன்னோர் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையே நம்புங்கள். மேலே தட்டச்சு செய்த பெயர் குமாஸ்தாவின் காதில் விழுந்தது. அடியில் இருப்பது அவர் கையால் எழுதியது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 1890-இல் ஒரு முத்துசாமி, 1930-இல் ஒரு முத்துசாமி, அதே தெரு. இருவரையும் ஒருவராக்கிவிட்டால் நடுவில் ஒரு தலைமுறையே காணாமல் போகும். அப்பா பெயர், ஊர், தொழில் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகும்வரை சேர்க்க வேண்டாம். உயிலின் மொழிபெயர்ப்பில் வரும் 'நெவ்யூ', 'பிரதர்' போன்றவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூலத்தில் மருமகன் என்றோ தம்பி என்றோ இருந்திருக்கும். அந்த மருமகன் அக்கா மகனா, மகளைக் கட்டியவரா, அந்தத் தம்பி பெரியப்பா மகனா என்பதை வேறு தாள்தான் சொல்ல வேண்டும்.

தேதி, அளவு, இடம்

ஜப்பானியர் காலத்துத் தாளில் 2602, 2603 என்று ஆண்டு இருந்தால் அது எழுத்துப் பிழை கிடையாது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602 என்பது 1942. தமிழில் எழுதிய உயிலில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். பார்த்திப வருஷம் என்றால் 1885-ஆகவும் இருக்கலாம், 1945-ஆகவும் இருக்கலாம். உயில் எழுதிய தேதி, இறந்த தேதி, நீதிமன்றம் உயிலை உறுதி செய்த தேதி மூன்றும் வேறு வேறு. கடைசித் தேதியை இறந்த நாளாகப் போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

பினாங்கில் 'ஓர்லோங்' என்று அளவு இருந்தால் அதை ஏக்கராகப் படிக்காதீர்கள். ஒரு ஓர்லோங் சுமார் 1.33 ஏக்கர்.

தெருப் பெயரை நம்பித் தேடுவதும் வீண். பிட் ஸ்ட்ரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். நார்தம் ரோடு ஜாலான் சுல்தான் அகமட் ஷா. கோலாலம்பூரின் பத்து ரோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். லாட் எண் (மனை எண்), முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), செக்ஷன் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கூட்டரசுப் பிரதேசமானபோது அதுவரை சிலாங்கூரில் இருந்த நிலம் பிரிந்தது. ஆகவே செந்தூல், செத்தாப்பாக் போன்ற இடங்களின் பழைய தாள்களில் சிலாங்கூர் என்றுதான் இருக்கும். இன்றைய பதிவுக்குக் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம், ஷா ஆலம் அலுவலகம் என இரண்டில் எது என்று லாட் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிலாங்கூர் செயலகத்தின் பழைய கோப்புகள் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் இருக்கின்றன. 1867 வரை பினாங்கு ஆட்சி இந்தியாவோடு இணைந்திருந்ததால், அந்தக் காலத்துத் தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும் உண்டு. காரைக்காலிலிருந்து வந்த குடும்பம் என்றால் அங்கே ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். தாளும் பிரெஞ்சு மொழியில் இருக்கலாம்.

உயிலை முழுக் குடும்பப் பட்டியலாக எடுத்துக்கொள்வது

உயிலில் பெயர் இல்லாத மகள், இல்லாத மகள் ஆகிவிட மாட்டாள். கல்யாணத்தின்போது நகையும் பணமும் கொடுத்தாகிவிட்டது என்று அவளை விட்டிருப்பார்கள். நாகூரிலோ காரைக்காலிலோ ஒரு மனைவி, பினாங்கில் ஒரு மனைவி என்று வாழ்ந்த வணிகர்கள் உண்டு. பினாங்குச் சொத்துக்கான உயில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். இஸ்லாமியக் குடும்பம் என்பதால் பராயிள் என்ற இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படிதான் பங்கு நடந்திருக்கும் என்று கணக்குப் போடுவதும் சரிவராது. 19-ஆம் நூற்றாண்டுப் பினாங்கு நீதிமன்றம் முஸ்லிம்களின் உயிலுக்கும் ஆங்கிலச் சட்டத்தைப் பொருத்தியதுண்டு. கோவிலுக்கோ மசூதிக்கோ எழுதிவைத்த நிலம் என்றால் குடும்பத் தாள்களோடு நின்றுவிடாதீர்கள். முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கு 1906-இல் தனி வாரியமே அமைந்தது.

உயிலில் எழுதியது அப்படியே நடந்தது என்றும் எழுதிவிடாதீர்கள். 1794-இல் இறந்த பிரான்சிஸ் லைட்டே தன் சஃபோக் தோட்டத்தைத் தன்னோடு வாழ்ந்த மார்ட்டினா ரோசல்ஸுக்கு எழுதிவைத்தவர்தான். அது அந்தக் குடும்பத்தில் தங்கவில்லை. பின்னாளில் அங்கே எழுந்த சஃபோக் மாளிகையில் கவர்னர்கள் வாழ்ந்தார்கள்.

சாதாரணக் குடும்பங்களுக்கு உயிலைவிட நல்ல தாள் ஒன்று உண்டு. உயில் இல்லாமல் இறந்தவரின் சிறு சொத்தை 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகமே விசாரித்துப் பிரித்துக் கொடுக்கும். அந்த விண்ணப்பத்தில் வாரிசுகள் எல்லோரையும் வயதோடும் உறவோடும் எழுத வேண்டும். 'புசாக்கா கெச்சில்' (சிறு சொத்து) கோப்பு என்று கேளுங்கள்.

பத்திரம் கிடைத்தால் நிலம் கிடைக்கும் என்று நம்புவது

பினாங்கின் பழைய பத்திர முறையை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பெட்டியில் கிடைத்த பத்திரத்தைக் காட்டி நிலத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். லாட் எண்ணோடு போய் சிறு கட்டணத்தில் ஒரு 'சாரியான்' (பதிவேட்டுத் தேடல்) எடுத்தால் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு தேவைப்பட்டால் வக்கீலைப் பாருங்கள்.

பத்திரம் இல்லை, ஆகவே தடயம் இல்லை என்று விட்டுவிடுவது

நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் நிலம் வாங்க வந்தவர்கள் இல்லை. கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்கான தனிமையில் இருந்துவிட்டு, ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள். அவர்கள் பெயர் எந்த நிலப் பத்திரத்திலும் வராது. அவர்களுக்காகப் பதிவுத் தொகுதிகளைப் புரட்டி நாள் கழிப்பதைவிட, அவர்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். அதில் தகப்பனின் தொழிலும் வீட்டு முகவரியும் இருக்கும், பல சமயம் தோட்டத்தின் பெயரே முகவரியாக. தோட்டத்தின் பெயர் கிடைத்தால் பக்கத்துக் கோவில், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அதே தோட்டத்தில் இருந்த மற்ற குடும்பங்கள் என்று வழி திறக்கும். பேத்தி பெயரன்கள் ஊர் ஊராகப் பிரிந்துபோன பிறகும் அந்தத் தோட்டத்து ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்தே இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களை முதலில் போய்ப் பாருங்கள்.