ஹெட் வேலை முடிந்து வந்ததும் வால்வு கசிவு பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

லேத் பட்டறையிலிருந்து ஹெட் (எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடுகிற, வால்வுகள் இருக்கிற பாகம்) வந்ததும் எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுதான். பெஞ்சில் கவிழ்த்து வைத்து, வால்வு முகம் மேலே தெரிகிற குழியில் மண்ணெண்ணெய் ஊற்றுவது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மட்டம் அப்படியே இருக்கிறதா, வேலை சுத்தம். இறங்கிவிட்டதா, பட்டறைக்குப் போன் போட்டுச் சண்டை. நானும் பல வருடம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு மாருதி 800 ஹெட் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது.

பழைய கார்புரேட்டர் மாடல். மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. சீட் (வால்வு மூடும்போது போய் உட்காருகிற வளையம்) வெட்டி, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறுகிற) வால்வு மூன்றும் புதிதாகப் போட்டு வந்திருந்தது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு இறங்கவில்லை. சந்தோஷமாக மாட்டி ஸ்டார்ட் செய்தால் வண்டி நடுங்குகிறது. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் கேஜ் முள் 40 பிஎஸ்ஐயைத் தாண்டவில்லை, மற்ற இரண்டும் 160க்கு மேல். ஹெட்டைத் திரும்பக் கழற்றி, கேம், ராக்கர் என்று வால்வைத் திறக்கிற பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். பட்டறை அண்ணன் ஒன்றும் பேசாமல் மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றினார். இறங்கவில்லை. அப்புறம் கேட்டார்: “ராக்கர் போடறப்ப அட்ஜஸ்ட் ஸ்குரூவ லூஸ் பண்ணீங்களா தம்பி?”

பண்ணவில்லை. சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக உட்காரும். அந்த அளவுக்கு அதன் தண்டு மறுபக்கம் உயரும். நான் பழைய செட்டிங்கிலேயே ராக்கரை இறுக்கியதால் அந்த வால்வு முழுதாக மூடவே இல்லை. சோதனை சரியாகத்தான் சொன்னது. ராக்கர் இல்லாதபோது கசிவில்லை என்று மட்டும்தான் அது சொன்னது, மீதியை நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு ஹெட் கேஸ்கெட்டும் இரண்டு நாளும் போயின.

ஊற்றுவதற்கு முன்பே நடக்கிற தவறுகள்

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே உட்காருகிற எஞ்சினில் கேமையும் ராக்கரையும் மாட்டிய பிறகு மண்ணெண்ணெய் ஊற்றுவது. கேம் எந்த நிலையில் நின்றாலும் ஒன்றிரண்டு வால்வாவது திறந்திருக்கும், ஊற்றியது அப்படியே ஓடிவிடும். ஓடியதைப் பார்த்துப் பட்டறைக்காரரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். அதே ஹெட்டை முகம் கீழே இருக்கும்படி பெஞ்சில் வைத்தால் திறந்து நிற்கிற வால்வின் மேலேயே மொத்த எடையும் இறங்கும். தண்டு கொஞ்சம் வளைந்தாலும் போச்சு. கேம் மாட்டிய ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுப்பது வழக்கமாக இருக்கட்டும்.

ஸ்பிரிங் போடாமல் வால்வை வெறுமனே சொருகி ஊற்றுவதும் வீண். தன் எடையில் உட்கார்ந்திருக்கிற வால்வு கசிந்தால் அது சீட்டின் குறை என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங், அதைத் தண்டில் பிடித்து வைக்கிற ரிடெய்னர், லாக் எல்லாம் போட்டு முடித்ததும் தண்டின் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அப்போதுதான் லாக் பள்ளத்தில் சரியாக உட்காரும், வால்வும் ஒருமுறை திறந்து மூடித் தன் இடத்தைப் பிடிக்கும். இந்த இரண்டு தட்டைத் தவறவிட்டுவிட்டு ‘கசியுது’ என்று சொன்ன ஹெட்டுகளில் பாதி, தட்டியதும் சரியாகியிருக்கின்றன.

சீட்டில் ஒட்டுகிற ஒரு நூல்கூடப் போதும், வால்வு மூடாது. நம்மூரில் துடைக்கப் பயன்படுத்துவது பனியன் வேஸ்ட்தான், அதிலிருந்து நூல் பிரியாமல் இருக்குமா? கடைசித் துடைப்பு மட்டும் நூல் உதிராத துணியில் இருக்கட்டும். துடைத்த பின் காற்றும் அடித்துவிடுங்கள்.

அப்புறம், குழியில் ஊற்றுகிறீர்கள் என்றால் ஸ்பார்க் பிளக்கை வாஷரோடு இறுக்கி மாட்டியிருக்க வேண்டும். மட்டம் இறங்குகிறது, போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் காற்றோ புகையோ போகிற வழி) ஈரமே இல்லை என்றால் பிளக் மரையைத் தொட்டுப் பாருங்கள். விரல் நனையும்.

மண்ணெண்ணெய் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது

தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் திரண்டு நிற்கும், நுண்ணிய இடுக்கில் எளிதில் நுழையாது, கசிகிற வால்வுகூட நல்ல பிள்ளையாகத் தெரியும். சீட் துருப் பிடிப்பது உபரி. டீசல் கொஞ்சம் கெட்டி, மெதுவாகத்தான் இறங்கும். பெட்ரோல் வேகமாக இறங்கும், ஆனால் பக்கத்தில் கிரைண்டர் ஓடுகிற பட்டறையில் திறந்த பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது கஷ்டம்தான், கிடைத்தால் அதுவே போதும்.

இந்தச் சோதனையின் அழுத்தத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியில் நிற்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம். அவ்வளவு மண்ணெண்ணெய் வால்வின் மேல் கொடுக்கிற அழுத்தம் வாயால் ஊதுவதைவிடக் குறைவு. எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஷன் மட்டுமே அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு, அதுவும் வால்வைச் சீட்டின் மேல் அழுத்துகிற திசையில். ஆகவே கால் மணி நேரம் கழித்து வால்வு ஓரத்தில் லேசான ஈரம் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. ஊற்றிய ஒரு நிமிடத்துக்குள் போர்ட்டில் சொட்டினால் அது வேறு கதை, வால்வை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். இரவு முழுக்க ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் ‘காலி ஆயிடுச்சே’ என்பது சோதனையே இல்லை. கொஞ்சம் ஆவியாகியும் போயிருக்கும்.

நான் மட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஊற்றியவுடன் டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள்தான் பார்ப்பேன். காய்ந்த போர்ட்டில் வால்வின் பின்பக்கம் ஈரம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தெரியும். ஒரே புள்ளியிலா, சுற்றிலுமா? ஒரே புள்ளி என்றால் தூசு, கீறல், இல்லை வால்வு வளைவு. சுற்றிலும் ஈரம் என்றால் சீட்டும் வால்வும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இந்த வித்தியாசம் பட்டறையில் பேசும்போது ரொம்ப உதவும்.

டீசல் ஹெட் பலவற்றில் முகம் தட்டையாக இருக்கும், ஊற்றக் குழியே கிடையாது. அங்கே ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் போர்ட்டில் ஊற்றி, முகப்பக்கம் வால்வு ஓரத்தைப் பார்க்க வேண்டும். இதில் மண்ணெண்ணெய் கைடு (தண்டு ஏறி இறங்குகிற குழாய்) வழியாகத் தண்டுப் பக்கமும் இறங்கும். அதைப் பார்த்து சீட் கசிவு என்று எழுதிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது முகப்பக்க ஈரம் மட்டும்தான்.

காற்றும் வேக்குவமும்

கம்ப்ரஸர் இருக்கிற இடத்தில் போர்ட்டில் காற்றடித்து, குழியில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி பார்ப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் காற்றை எவ்வளவு விடுவது என்று யாரும் யோசிப்பதில்லை. 35 மில்லிமீட்டர் வால்வின் பரப்பு சுமார் 9.6 சதுர சென்டிமீட்டர். 100 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. பெருக்கினால் 67 கிலோ, அதுவும் வால்வைத் திறக்கிற திசையில். சின்ன எஞ்சின்களில் ஸ்பிரிங் மூடிப் பிடிக்கிற விசை பெரும்பாலும் இதில் பாதிகூட இருக்காது. எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் வால்வு எழும்பிக் குமிழி கொப்பளிக்கும். 10, 15 பிஎஸ்ஐயில் ரெகுலேட்டரை வைத்தால் போதும்.

என்னைக் கேட்டால் கையால் இழுக்கிற வேக்குவம் பம்ப் இதைவிட மேல். போர்ட்டின் வாயை ரப்பர் ஷீட்டால் மூடி இழுத்தால், வெளிக்காற்று வால்வைச் சீட்டின் மேல் அழுத்தும், எஞ்சினுக்குள் நடப்பதும் அதுதான். கேஜில் 20 அங்குலம் (பாதரசக் கணக்கு) வரை முள் ஏறி அப்படியே நின்றால் நிம்மதி. முள் மெதுவாக இறங்கினால் உடனே சீட்டைக் குறை சொல்ல வேண்டாம். தண்டுக்கும் கைடுக்கும் இடையில் காற்று நுழையலாம். தண்டைச் சுற்றி ஆயில் சீல் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி இழுத்துப் பாருங்கள், முள் நின்றால் சீட் நிரபராதி. மலை மேல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோவையில் 28 வரை ஏறுகிற பம்ப் ஊட்டியில் 23ஐத் தொடவே முடியாது. அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான், பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கசிந்தால் உடனே பேஸ்ட்டா?

இங்கேதான் அதிக சேதம் நடக்கிறது. ஈரம் தெரிந்ததும் ரப்பர் கப் வைத்த குச்சியை எடுத்து, கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட ஆரம்பித்துவிடுவோம். கசிவு நின்றுவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் தேய்க்கத் தேய்க்க சீட்டின் கோடு அகலமாகும், வால்வு முகத்தில் பள்ளம் விழும். சின்னப் பெட்ரோல் எஞ்சின்களில் இந்தக் கோடு இன்லெட்டுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்ற கணக்கில் இருக்கும். அது 3 மில்லிமீட்டர் ஆனால் ஸ்பிரிங் கொடுக்கிற அதே விசை இரண்டு மடங்கு பரப்பில் பரவும், கரி ஒட்டினால் நசுக்கித் தள்ள வலு இருக்காது. மண்ணெண்ணெயை இன்று தாங்குகிற ஹெட் ஆறு மாதத்தில் வால்வு எரிந்து திரும்பி வரும்.

சில பட்டறைகளில் வால்வை 44 டிகிரியிலும் சீட்டை 45 டிகிரியிலும் வேண்டுமென்றே வெட்டுவார்கள். ஒரு டிகிரி வித்தியாசத்தில் மெல்லிய கோடாக மட்டும் தொடும், ஓட ஓடத் தானே படியும். அந்த மெல்லிய கோட்டைப் பார்த்து ‘சரியா வெட்டலை’ என்று பேஸ்ட் போட்டால் அவர் செய்த வேலையை நாமே அழித்துவிட்டோம். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ்ட்டுக்கு முன் ப்ளூ, அதாவது எங்கே தொடுகிறது என்று காட்டுகிற நீல மை. வால்வு முகத்தில் மிக மெல்லியதாக ப்ளூ தடவி, சீட்டில் அழுத்தி, எடுத்துப் பார்ப்பது. இங்கே ஒரு தவறு ஏறக்குறைய எல்லோரும் செய்வது: அழுத்தும்போது வால்வைச் சுற்றுவது. சுற்றினால், சீட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் நிறம் முழு வட்டமாக இழுபட்டுவிடும், குறை மறைந்துவிடும். சுற்றாமல் நேராக ஒரே அழுத்து, அவ்வளவுதான். சீட்டில் நிறம் பாதி வட்டம்தான் விழுந்தால் கைடைச் சந்தேகப்படுங்கள். சீட்டை வெட்டுகிற கருவி கைடை ஆதாரமாகப் பிடித்துத்தான் சுற்றுகிறது. ஆடுகிற கைடில் வெட்டிய சீட்டோ, சீட் வெட்டிய பிறகு மாற்றிய கைடோ எத்தனை டப்பா பேஸ்ட்டுக்கும் சரியாகாது.

லேப் (பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது) செய்தே ஆக வேண்டும் என்றால் நைஸ் பேஸ்ட்டில், சாம்பல் நிற வளையம் தெரிகிற வரை மட்டும். எந்த வால்வு எந்த இடத்துக்கு என்று அட்டையில் துளை போட்டுச் சொருகி வையுங்கள், மாறினால் செய்தது எல்லாம் வீண். கைடுக்குள் போன பேஸ்ட்டைக் கழுவாமல் விட்டால் அது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் கைடைத் தின்னும்.

மாட்டிய பிறகு

ஹெட்டை மாட்டியதும் லீக் டவுன் டெஸ்ட் செய்கிறவர்கள் இங்கே குறைவு, செய்தால் நல்லது. பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டு எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்ப்பது. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட், சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றுகிற வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது வெடிப்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சீறுகிறதா? இரண்டு வால்வும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பிஸ்டன் மேலே நிற்கிறது, ஆனால் கம்ப்ரஷன் முடிவில் அல்ல, எக்ஸாஸ்ட் முடிவில். கிராங்கை இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாருதி 800இன் 68.5 மில்லிமீட்டர் போரில் (சிலிண்டரின் உள்விட்டம்) 100 பிஎஸ்ஐ விட்டால் பிஸ்டன் மேல் 250 கிலோவுக்கு மேல் அழுத்தம். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் கிராங்க் சடாரென்று சுற்றும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி விட்டுவிட்டுக் காற்றைத் திறக்காதீர்கள்.

கடைசியாக டாப்பட், அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளி. புதிதாக வெட்டிய சீட் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் படியும், வால்வு உள்ளே போகும், இடைவெளி குறையும். எனவே ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை திறந்து ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கஸ்டமர் வந்து “டாப்பட் சத்தம் கேக்குதுங்க, டைட் பண்ணிடுங்க” என்பார். இறுக்கிவிட்டால் சத்தம் போகும், அவருக்கும் சந்தோஷம். சூடேறியதும் தண்டு நீண்டு, எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தொடாமல் நின்று எரியும். நான் இப்போது கேஜை அவர் கையிலேயே கொடுத்து, “நீங்களே நுழைச்சுப் பாருங்க” என்கிறேன். தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் மூடியைப் போட்டு அனுப்பிவிடுவேன், சத்தத்தோடு.