திருவல்லிக்கேணியில் பழைய வீடு பிடிப்பது எப்படி: சாவியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்

சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) பன்னிரண்டாவது மாடியில் அம்மாவும் நானும் நான்கு வருஷம் இருந்தோம். லிஃப்ட், நீச்சல் குளம், வாசலில் காவலாளி எல்லாம் உண்டு. கொத்தமல்லி வேண்டுமென்றால் மட்டும் வண்டியை எடுக்க வேண்டும். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "ஜெயில்ல கூட சாயங்காலம் வெளிய விடுவாங்கடி" என்று ஒரு நாள் சொன்னார். அடுத்த வாரமே வீடு தேட ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது திருவல்லிக்கேணியில் முற்றம், தேக்குத் தூண், சிவப்புக் காவித் தரை எல்லாம் உள்ள ஒரு வீட்டின் கீழ்ப்பாதியில் இருக்கிறோம். வாடகை முன்பு கொடுத்ததைவிட இரண்டாயிரம் குறைவு. ஆனால் இது எங்களுடைய இரண்டாவது வீடு. அதே பேட்டையில் முதலில் பிடித்த வீட்டில் ஏழு மாதம்தான் தாக்குப்பிடித்தோம். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஏழு மாதம்தான். ஆதார் நகல், ஒப்பந்தத்தாள் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

படி 1: வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

வாடகையோடு பெட்ரோல், வண்டித் தவணை, வண்டி இன்சூரன்ஸ், மாதத்துக்கு நாலு ஆட்டோ எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுங்கள். அதுதான் உங்கள் உண்மையான வாடகை. நான் ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். வேலை கிண்டியில். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை, அங்கிருந்து ஒரே ரயில். அந்தத் தடம் 2019-இல் திறந்தது. பறக்கும் ரயிலுக்குத் திருவல்லிக்கேணி நிலையம் தனியாக இருக்கிறது.

மயிலாப்பூர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பார்த்தேன். அதே மாதிரி வீட்டுக்கு அங்கே வாடகை அதிகம், லஸ் பக்கம் அப்போது மெட்ரோ தோண்டிய தூசி வேறு. மாட வீதியில்தான் இருப்பேன் என்று கனவு காண்பவர்கள் இந்தப் பதிவை அங்கேயும் பயன்படுத்தலாம், வீடுகள் ஒரே ஜாதிதான்.

படி 2: முழங்காலால் அளக்க வேண்டும்

திருவல்லிக்கேணித் தெருக்கள் மோட்டார் வண்டிக்கு முந்தியவை. பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்தது, வாலாஜா பள்ளிவாசல் 1795-இல் கட்டியது. நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்காக உருவான பேட்டை, அதனால் கடையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதற்காக எல்லாத் தெருவும் நடக்கத் தோதானவை என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் செய்தது இது. பார்த்த வீட்டு வாசலிலிருந்து அம்மாவைக் கையில் ஒரு பையோடு நடக்கவிட்டேன். பால், காய், மருந்துக் கடை, பஸ் நிறுத்தம், இந்த நாலும் அவர் எங்கும் உட்காராமல் போய்த் திரும்பும் தூரத்தில் இருந்தால் அந்த வீடு தேறியது. அவருக்கு வயது 68, வலது முழங்கால் தகராறு. ஜாம் பஜார் பக்கம் இருந்த ஒரு வீடு தூரக் கணக்கில் அருமை. ஆனால் நடைபாதை முழுக்க வண்டி நிறுத்தியிருந்ததால் பஸ்ஸோடு ஒட்டித்தான் நடக்க வேண்டும். கழித்துவிட்டோம்.

காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் இருக்கும் நாளிலும் முடிந்தால் ஒரு நடை போங்கள். பெல்ஸ் ரோடு பக்கம் அன்றைக்கு வேறு ஊராகிவிடும். மாடுகள் எந்த நாளிலும் உண்டு.

படி 3: இஸ்திரிக்காரரைப் பிடியுங்கள்

செல்போன் ஆப்பில் பழைய வீடு கிடைக்காது என்பது என் கட்சி. அதில் வருவது முக்கால்வாசி புரோக்கர் போட்டது, பாக்கி கால்வாசி ஏற்கெனவே போனது. வீட்டுக்காரர்களில் பலர் எழுபது தாண்டியவர்கள். ஒரு அட்டையில் டு-லெட் என்று எழுதி ஜன்னல் கம்பியில் கட்டுவார்கள், அவ்வளவுதான்.

அந்த அட்டை தொங்குவதற்கு முன்பே சேதி தெரிந்தவர் தெருமுனை இஸ்திரிக்காரர். எந்த வீட்டுத் துணி வருவது நின்றது, யார் பிள்ளை அமெரிக்கா போனது எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து சட்டை கொடுத்து வாங்கினேன், மூன்றாவது சனிக்கிழமை அவரே கூட்டிப் போனார். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் மிச்சம்.

சில அட்டைகளில் 'சைவம் மட்டும்' என்றிருக்கும், சில இடத்தில் வாயைத் திறந்து ஜாதியே கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். கோபித்துக்கொண்டு வாதாடினேன், பலனில்லை. இப்போதெல்லாம் கேள்வி வந்ததும் செருப்பை மாட்டிவிடுவேன்.

படி 4: கூரை (இதில்தான் நான் விழுந்தேன்)

முதல் வீட்டைச் சித்திரை வெயிலில் பார்த்தோம். உயரமான கூரை, வரிசையாகத் தேக்குக் கட்டைகள், உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று இருந்தது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். அந்த 'புதிதாக' என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்றே அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஐப்பசி இரண்டாவது வாரம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவின் கட்டில் மேல் சொட்டியது. வாளி வைத்தோம். கார்த்திகையில் ஐந்து வாளி. சுவரெல்லாம் ஓதம், பீரோவுக்குள் பட்டுப்புடவையில் பூஞ்சை.

மழை விட்ட ஒரு நாளில் கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தேன். மொட்டை மாடியில் காலால் ரெண்டு தட்டு தட்டினார். "யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்கம்மா. சுண்ணாம்புத் தளம் மூச்சு விடணும். மூக்கைப் பொத்திட்டாங்க."

இந்தப் பழைய கூரைக்கு மெட்ராஸ் டெர்ரஸ் என்று பெயர், அது என்ன என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவரில் பதித்து, அவற்றின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், குறுக்குச் சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதிப்பார்கள். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கினாலும் சுண்ணாம்பு ஓரளவு விட்டுக்கொடுக்கும். கொஞ்சம் ஈரம் இறங்கினாலும் காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அது விட்டுக்கொடுக்காமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஏறிக் காயவும் வழியில்லை, கட்டையைத் தேடிப் போகும். கட்டையில் முதலில் சாகிற இடம், சுவருக்குள் நுழையும் முனை. காற்றே படாத இடம் அதுதான்.

கொத்தனார் ஏணியில் ஏறி என் வீட்டுச் சாவியால் அந்த முனையைக் குத்தினார். சாவி பாதி வரை உள்ளே போனது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்து அம்மா கட்டில் மேல் விழுந்தது.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு சாவி, கறுப்புக் கைக்குட்டை. லேசர் அளவுகோல், ஈரம் அளக்கும் கருவி என்று கடையில் ஆயிரம் விற்கிறார்கள், ஒன்றும் வேண்டாம். ஏணி கேளுங்கள். தர யோசித்தால் அதுவே பதில். கட்டை சுவரில் நுழையும் இடம் ஒவ்வொன்றிலும் டார்ச் அடியுங்கள். கறுப்பு வளையம் தெரிந்தால் சாவியால் அழுத்துங்கள். நல்ல தேக்கு 'டொக்' என்னும், சாவி இறங்காது. சுவரின் மேல் ஓரத்தைக் கைக்குட்டையால் துடையுங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் உப்புப் பூத்திருக்கலாம், தண்ணீர் வந்துபோன தடம் அது. அப்புறம் மொட்டை மாடி. தட்டோடு தெரிகிறதா, சாம்பல் நிறச் சிமெண்டா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? மழைநீர்க் குழாய் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கே வெளியே வருகிறது என்று கீழே ஒருவர் நிற்கட்டும்.

வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசைதான். "வெள்ளையடிச்ச செலவு" என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார், அதனால் இருக்கிறது.

படி 5: தண்ணீர்

காலை ஐந்தரைக்குப் போங்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) அடி பம்பு எங்கே, எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, யார் முதலில் அடிப்பது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். கடல் பக்கமாதலால் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கலாம், கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரைக்காவிட்டால் துவைக்கவே தினமும் அழ வேண்டும்.

படி 6: அட்வான்ஸ்

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. 'எழுதிக்கொள்ளாதவரை' என்பதைக் கவனியுங்கள், கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எங்கள் இப்போதைய வீட்டு மாமா முதலில் முகத்தைச் சுளித்தார். "மாமா, இது உங்களுக்கும் பாதுகாப்பு" என்று நாலு தடவை சொன்ன பிறகு பேனா எடுத்தார். கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். நாங்கள் சேர்த்தோம்.

பிற்சேர்க்கை 1: கரண்ட் மீட்டர் பற்றி எழுதவில்லையே என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். பெரிய வீட்டைப் போர்ஷன்களாகப் பிரித்த இடத்தில் பெரும்பாலும் சப் மீட்டர்தான் இருக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை, அரசு தரும் இலவச யூனிட்டும் உங்கள் கைக்கு வராது. தனி மீட்டரா என்று கேளுங்கள், மின் இணைப்பு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயரிங் இன்னும் மரச் சட்டத்தின் மேல் ஓடுகிறதென்றால் வயரிங்கை மாற்றும் செலவையும் சேர்த்து ஏசி ஆசையை யோசியுங்கள்.

பிற்சேர்க்கை 2: "சாவியால் குத்தினேன், வீட்டுக்கார அம்மா திட்டினார்" என்று ஒரு வாசகர். கேட்டுவிட்டுக் குத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில், மெதுவாக.

பிற்சேர்க்கை 3: சாமான் ஏற்றுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பழைய வீட்டில் வாசல் நிலை குட்டை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடை) குறுகல். போகும் முன் ரேழியின் அகலத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்து, அதை ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ மேல் வைத்துப் பாருங்கள். நான் பீரோவை மட்டும் விட்டுவிட்டேன். ரேழி தாண்டிக் கூடம் வரை எப்படியோ வந்தது, அறை நிலைக்குள் நுழையவில்லை. இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது, முற்றத்து மழைச் சாரல் படாமல் அம்மா அதன் மேல் ஒரு பழைய பாயைப் போட்டுவைத்திருக்கிறார்.