மொபிலிட்டி ஸ்கூட்டரும் நடைபாதையும்: இரு தரப்பினரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ சனிக்கிழமைக் காலையில் காய்கறி வாங்கப் போகிறவர்கள், கடைவாசல் நெரிசலில் ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கச் சிரமப்படுவோர் அமர்ந்து ஓட்டும் மின்கல வண்டி, நின்று நின்று நகர்வதைப் பார்த்திருப்பார்கள். அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவராக இருப்பார். முன்கூடையில் முருங்கைக்காயும் கீரைக்கட்டும் எட்டிப் பார்க்கும். வழிவிடுவோர் சிலர், முணுமுணுப்போர் சிலர், வண்டி தம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கையில் அசையாமல் பேச்சைத் தொடர்வோர் பலர். எதிரே வருவதை வாகனமாகக் கருதுவதா, நாற்காலியாகக் கருதுவதா என்ற தெளிவின்மையே இங்கு நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அந்தத் தெளிவின்மை நடப்பவர்களிடம் மட்டுமல்லாமல் ஓட்டுபவர்களிடமும் இருக்கிறது.

பிரித்தானியச் சட்டம் இதில் குழப்பம் வைக்கவில்லை. நாள்பட்ட நோயாளர், மாற்றுத்திறனாளர் பற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டம், உரிய விதிகளுக்கு உட்பட்ட இத்தகைய வண்டியை மோட்டார் வாகனமாகக் கொள்ளக் கூடாது என்கிறது. ஆகவே நடைபாதையில் மொபிலிட்டி ஸ்கூட்டரிலோ மின்சக்கர நாற்காலியிலோ செல்பவர் பாதசாரிகளோடு சேர்ந்தவர். அவருக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் சட்டம் பாதசாரி என்றாலும் தராசு அப்படிச் சொல்வதில்லை. சட்டம் பிரித்திருக்கும் வகைகளில், நடைபாதைக்குரிய இரண்டாம் வகை வண்டி 113.4 கிலோ வரை இருக்கலாம். அதன்மேல் 75 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்து, கூடையில் அரிசியும் பருப்பும் ஏறிவிட்டால் மொத்தம் 200 கிலோவை நெருங்கும். இந்த எடையோடு நகரும் ஒரு பாதசாரி என்று எண்ணிப் பார்த்தால், இரு தரப்பும் செய்யக் கூடாதவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

வகைகளை மறந்துவிடுவது ஓட்டுபவர்களின் முதல் தவறு. 1988ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டாம் வகை வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேல், செல்லக் கூடாது. நடைபாதை இல்லாத இடத்திலும் சாலையைக் கடக்கும்போதும் மட்டுமே அது சாலையில் இறங்கலாம். மூன்றாம் வகை வண்டி சாலையில் மணிக்கு 8 மைல் வரை செல்லலாம், ஆனால் நடைபாதையில் ஏறியவுடன் அதற்கும் 4 மைல்தான் எல்லை. அதற்கென ஒரு சுவிட்ச் அந்த வண்டியிலேயே இருக்கும். சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறும்போது அதைத் தட்ட மறப்பவர், தாம் அறியாமலேயே அனுமதிக்கப்பட்ட வேகத்தைப் போல் இரு மடங்கில் குழந்தைகளின் நடுவே போய்க்கொண்டிருப்பார். மூன்றாம் வகை வண்டியை வாகனப் பதிவு அலுவலகத்தில் கட்டணமின்றிப் பதிவுசெய்திருக்கவும் வேண்டும்.

எல்லைக்குள் இருந்தால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 3 மைல் அளவில் நடப்பார். மூட்டுவலியோடு நடக்கும் முதியவர் அதற்கும் குறைவு. எனவே சட்டம் அனுமதிக்கும் 4 மைல் வேகமே கூட்டத்தில் எல்லோரையும் முந்திச் செல்லும் வேகம். நடைபாதை குறுகலாக உள்ள இடத்திலும், மற்றவர்களால் விரைவாக விலக முடியாத இடத்திலும் வேகத்தை இன்னும் குறைக்கும்படி ‘ஹைவே கோட்’ என்னும் சாலை விதிநூலே கேட்டுக்கொள்கிறது. ஆமைப் படத்திலிருந்து முயல் படம் வரை திருப்பும் வேகக் குமிழை, கடைத்தெருவுக்குள் நுழையுமுன் ஆமைப் பக்கம் திருப்பி வைப்பது ஒரு நொடி வேலை.

அடுத்தது கைப்பழக்கம் செய்யும் துரோகம். பெரும்பாலான மொபிலிட்டி ஸ்கூட்டர்களில் கைப்பிடியை ஒட்டிய சிறு நெம்புகோலை விரலால் அழுத்தினால் வண்டி நகரும். விட்டுவிட்டால் மின்காந்தத் தடை தானாகவே பற்றி வண்டியை நிறுத்தும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நாற்பது ஆண்டுகள் சைக்கிள் ஓட்டிய கைக்கு இது நேர் எதிரான பாடம். ஆபத்து என்றதும் அந்தக் கை பிரேக்கைத் தேடி இறுக்கிப் பிடிக்கும். பிடித்த பிடியில் நெம்புகோலும் அமுங்கினால், நிற்க வேண்டிய வண்டி முன்னே பாயும். சில பெரிய வண்டிகளில் தனிக் கைத்தடையும் உண்டென்பது குழப்பத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. புதிதாக வாங்கியவர் ஆளில்லாத பூங்காப் பாதையிலோ வெற்றுக் கார் நிறுத்துமிடத்திலோ, ‘நில்’ என்று யாராவது சொன்னவுடன் விரலை விடும் பயிற்சியை, யோசிக்காமல் வரும்வரை செய்வது நல்லது. பிள்ளைகள் பெற்றோருக்கு இந்த வண்டியை வாங்கித் தரும்போது சார்ஜ் செய்வதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த ஒரு பயிற்சிக்கு உடனிருப்பது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

இதே நெம்புகோல், ஏறி இறங்கும்போதும் ஆபத்தாகும். சாவியை அணைக்காமல் எழுபவரின் கோட்டுக் கையோ தோளிலிருந்து வழுக்கிய கைப்பையோ அதன்மேல் பட்டால், ஆள் பாதி இறங்கிய நிலையில் வண்டி புறப்பட்டுவிடும். கடைப்பையைக் கைப்பிடியில் மாட்டுவதும் இதனாலேயே கூடாது. சுமைக்கு முன்கூடை இருக்கிறது. சேலை உடுத்துபவர்கள் முந்தானையையும், மற்றவர்கள் சால்வையையும் உடலோடு சேர்த்துச் செருகிக்கொண்டே அமர வேண்டும், ஏனெனில் பின்சக்கரங்கள் இருக்கையை ஒட்டியே சுழல்கின்றன. வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விலக்கும் பிடி ஒன்று பின்பக்கம் இருக்கும். அதை விலக்கிய நிலையில் தானியங்கித் தடையும் வேலை செய்யாது என்பதால், சரிவில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

நடைபாதையின் விளிம்பில் நேரும் கவிழ்வுகளுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். சாய்வாக இறக்கிய விளிம்பு பத்தடி தள்ளி இருக்கிறதே என்று சலித்து, இருக்கும் இடத்திலேயே குறுக்காக இறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் தாழ, வண்டி சாய்கிறது. சற்று அதிகம் சுற்ற நேர்ந்தாலும் சாய்வு விளிம்பையே பயன்படுத்த வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் விளிம்புக்கு நேர்செங்குத்தாக அணுக வேண்டும் என்பது விதிநூலின் அறிவுரை. மூன்று சக்கர வண்டி திருப்பங்களில் எளிதில் சாயும் என்பதையும் அதை வைத்திருப்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓட்டுபவர்களின் தவறுகளில் இன்னொன்று, நம் வீடுகளில் செல்லமாகத் தொடங்குவது. பேரனை மடியில் வைத்துக் கடைக்குப் போவதும், பதினைந்து வயதுப் பேத்தி தாத்தாவின் வண்டியில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதும் அன்பாகத் தோன்றலாம். ஆனால் காயத்தாலோ உடற்குறையாலோ நோயாலோ நடக்கச் சிரமப்படுபவர்தான் இந்த வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாம்; விற்பனைக்காக ஓட்டிக் காட்டுபவர், பயிற்றுநர், பழுது பார்ப்பவர் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. இருக்கையும் ஒருவருக்கானது.

பார்வை குறித்துச் சட்டக் கட்டாயம் இல்லையென்றாலும், 12.3 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு காரின் எண்பலகையைப் படிக்க முடிய வேண்டும் என்பது அரசின் அறிவுரை. வீட்டு வாசலில் நின்று தாமே சோதித்துக்கொள்ளலாம். அப்படிப் படிக்க முடியாமல் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினால், பொறுப்பு ஓட்டியவரைச் சேரக்கூடும். காப்பீடு கட்டாயமில்லாதபோதும் எடுத்து வைப்பது நல்லது என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்கலத்தில் ஓடுவதால் வண்டி ஓசையின்றி வரும். அதற்காகப் பின்னாலிருந்து திடீரென ஹாரன் அடித்தால், முன்னால் நடப்பவர் துள்ளுவார், ஆனால் எந்தப் பக்கம் துள்ளுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. சற்றுத் தள்ளி நின்று ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று வாயால் சொல்லிக் காத்திருப்பதே மேல். முன்னால் செல்பவருக்குக் காது கேளாமலும் இருக்கலாம். வெள்ளைக் கைத்தடியில் சிவப்புப் பட்டைகள் இருந்தால் அவருக்குப் பார்வையும் செவியும் இரண்டுமே குறைவு என்று பொருள். நடைபாதையில் முன்னுரிமை நடப்பவருக்கே என்பதை விதிநூலும் சொல்கிறது.

இனி நடப்பவர்கள் பக்கம். வண்டியில் வருபவரால் எளிதில் திரும்பிப் பார்க்க முடியும் என்று நினைப்பதுதான் இவர்களின் பெருந்தவறு. கழுத்தெலும்புத் தேய்மானமோ பக்கவாதமோ உள்ள ஒருவருக்குத் தலையைத் திருப்புவதே பெரும்பாடு. இரண்டாம் வகை வண்டிகளில் பின்னோக்குக் கண்ணாடி இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகையால் பின்வாங்கும் வண்டியின் பின்னால் குழந்தையை நிற்க விடக் கூடாது. அவரைக் கடந்து போக வேண்டுமானால் குரல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கைபேசியைப் பார்த்தபடி கடைவாசலில் சட்டென்று நிற்பதும், இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு வலமும் இடமுமாக அலைந்து நடப்பதும், நாயின் நீளும் கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே விடுவதும் ஓட்டுபவரின் கணக்கைத் தவறவைப்பவை. வண்டி எதிரே வரும்போது பதறி ஒதுங்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்து சீராக நடந்தால் அவர் மற்றப் பக்கத்தை எடுத்துக்கொள்வார். மோதும்போது வண்டியின் முன்விளிம்பு பெரியவர்களின் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும்தான் இடிக்கும், சிறு குழந்தைக்கோ அந்த உயரம் உடலின் பெரும்பகுதி என்பதால் நெரிசலில் குழந்தையைச் சுவர்ப் பக்கமாக நடத்திச் செல்வது நல்லது.

இதைவிடக் கனமான தவறு ஒன்று நாம் நடக்காத நேரத்தில் செய்வது. சாய்வு விளிம்பை மறித்துக் காரை ‘ஐந்து நிமிடம்’ நிறுத்துவதும், குப்பை எடுக்கும் நாளில் தொட்டியை நடைபாதையின் நடுவில் விடுவதும், வாடகை மின்சைக்கிளைக் குறுக்கே சாய்த்துவிட்டுப் போவதும், ஓட்டுபவரை முந்தைய விளிம்பு வரை திரும்பிச் சென்று கார்களுக்கிடையே சாலையில் இறங்க வைக்கின்றன. நடப்பவர் ஓரடி விலகிப் போய்விடுவார். வண்டிக்காரருக்கு அந்த ஓரடி இல்லை. லண்டனில் 1974 முதலே நடைபாதையில் கார் போன்ற வாகனங்களை நிறுத்துவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. ஸ்கொட்லாந்தில் 2023 டிசம்பரில் அத்தகைய தடை வந்தது. நம்மவர் கடைகள் வெண்டைக்காய்ப் பெட்டிகளையும் வாழைக்குலைகளையும் வாசலுக்கு வெளியே அடுக்குவது கண்ணுக்கு அழகு, எனக்கும் அது ஊரை நினைவூட்டும். ஆனால் அவற்றுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே 85 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்றாம் வகை வண்டி போக இடமிருக்கிறதா என்று ஓர் அளவுநாடாவால் பார்த்துவிட்டு அடுக்கலாம்.

உதவி என்ற பெயரில் நிகழும் தவறுகளும் உண்டு. கேட்காமல் மின்சக்கர நாற்காலியின் பின்பிடியைப் பற்றித் தள்ளுவது, வழிகாட்டுவதாக எண்ணி அதன் கட்டுப்பாட்டுக் கோலைத் தொடுவது, படியில் நாலு பேராகத் தூக்க முனைவது ஆகியவற்றை அறவே விட்டுவிட வேண்டும். பல மின்சக்கர நாற்காலிகள் 100 கிலோவைத் தாண்டும், ஆளோடு தூக்கினால் தூக்குபவருக்கும் அமர்ந்திருப்பவருக்கும் ஆபத்து. ‘உதவி வேண்டுமா, ஐயா?’ என்று அவரிடமே கேட்க வேண்டும். அருகில் நிற்கும் மகளிடம் ‘அப்பாவுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பது, அவர் பேசத் தெரியாதவர் என்று முடிவு கட்டுவதாகும்.

ஸ்கூட்டரிலிருந்து எழுந்து நான்கு எட்டு நடந்து மேல்தட்டிலிருந்து பால் எடுப்பவரைப் பார்த்து, ‘இவருக்கு நடக்க முடிகிறதே’ என்று கிசுகிசுப்பதும் அறியாமைதான். இதய நோயும் நுரையீரல் நோயும் மூட்டுத் தேய்வும் உள்ள பலரால் சில அடிகள் நடக்க முடியும், கடைத்தெருவின் நீளத்துக்கு முடியாது. நின்றபடி ஓட்டும் இளைஞர்களின் மின்ஸ்கூட்டரையும் இதையும் ஒன்றாக்கிக் கோபப்படுவோர் உண்டு. தனியாருக்குச் சொந்தமான அந்த வண்டி பிரித்தானிய நடைபாதையில் சட்டவிரோதம். மொபிலிட்டி ஸ்கூட்டர் அங்கே உரிமையோடு செல்வது.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒன்று மட்டும்: 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த விதிநூல் திருத்தத்தின்படி, சந்திப்பில் திரும்பும்போது கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கு வழிவிட வேண்டும், நிறுத்தப்பட்ட கார்களுக்குப் பின்னால் தலை மட்டும் தெரியும் வண்டிக்காரரும் அந்தப் பாதசாரிதான்.

எல்லாவற்றையும் மீறி மோதல் நேர்ந்துவிட்டால், பதற்றத்தில் முதலில் மறக்கப்படுவது சாவி. கைப்பிடியில் யாராவது சாய்ந்தால் வண்டி மீண்டும் நகரக்கூடும் என்பதால், வேறு எதற்கும் முன் அதை அணைக்க வேண்டும். விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்காமல் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, காயம் கடுமையாகத் தெரிந்தால் 999ஐ அழைக்க வேண்டும். பெயரும் தொடர்பு விவரமும் இரு தரப்பும் மாற்றிக்கொள்வது நல்லது, யார் மீது தவறு என்ற விவாதத்தைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். காயமடைந்தவர் வண்டியில் வந்தவராக இருந்தால், அதையும் ஆம்புலன்ஸில் ஏற்ற முடியாமல் போகலாம். அப்போது அருகிலுள்ள கடைக்குள் அதை வைக்கச் சொல்லி, எந்தக் கடை, சாவி யாரிடம் என்பதைக் காகிதத்தில் எழுதி, ஆம்புலன்ஸ் கிளம்புமுன் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.