அமெரிக்கக் கட்சிகளைக் கொப்பியில் கீறிப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அமெரிக்கா என்றதும் முதல் சறுக்கல் நிறத்தில்தான். "சிவப்பெண்டால் இடதுசாரிதானே சேர்?" அங்கே தலைகீழ். சிவப்பு வலதுசாரிக் குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. அதுவும் 2000 தேர்தலோடு நிலைத்த வழக்கம். குடியரசுக் கட்சியின் யானைக்கும் எங்கள் இலங்கையின் யூ.என்.பி. கட்சி யானைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கொப்பியில் ஒரு சிலுவை கீறுங்கள். கிடைக்கோடு காசுக்கு. வரி கூடினாலும் அரசு வைத்தியச் செலவைப் பார்க்கட்டும் என்பவர் இடப்பக்கம், வரியைக் குறை என்பவர் வலப்பக்கம். நிலைக்கோடு வாழ்க்கைமுறைக்கு. கருக்கலைப்பில் அரசு தலையிடாதே என்பவர் மேலே, சட்டம் போட்டுத் தடு என்பவர் கீழே. மேல் இடது மூலை லிபரல், கீழ் வலது கன்சர்வேட்டிவ், மேல் வலது லிபர்டேரியன். கீழ் இடது மூலைக்குப் பெயர்தான் சரியாக ஒட்டவில்லை, ஆட்கள் இருக்கிறார்கள்.

மூலை நான்கு, பெரிய கட்சி இரண்டுதானா? நாங்கள் 1978 அரசியல் யாப்பின், வாக்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறையில் ஊறியவர்கள். யாழ். மாவட்டத்தில் சின்னக் கட்சிக்கும் ஓர் ஆசனம் விழும். அங்கே பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளிலும் தொகுதிக்கு ஒருவர்தான். மூன்றாவதாக வருபவரின் வாக்கு வாய்க்காலோடு போன தண்ணீர். அதனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கூட்டமெல்லாம் இரண்டு பந்தலுக்குள்ளேயே நெருக்கியடித்து நிற்கிறது.

அடுத்து, இந்தச் சிலுவையில் ஒரு கட்சிக்குப் புள்ளி வைக்கும்போது பக்கத்தில் ஆண்டை எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவேன். அடிமைமுறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிசார் உரிமைகள் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் 21 பேர், அதற்காக ஓடித்திரிந்த ஜனாதிபதி ஜோன்சனின் சொந்த ஜனநாயகக் கட்சிக்காரர்! அநேகர் தென் மாநிலத்தவர். அதன்பின் தெற்கு வெள்ளையர் பலர் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிப் பக்கம் போனார்கள். பெயர்ப்பலகை மாறவில்லை, உள்ளே ஆட்கள் மாறினார்கள்.

நியூ ஜெர்சியிலுள்ள மருமகளுக்கும் இந்தச் சிலுவையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் மேல் வலதில் புள்ளி வைத்தாள், புருஷன் கீழ் இடதில். "அப்ப ஆருக்குப் பிள்ளை புள்ளடி போடுறீங்கள்?" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தான் மாமா. காரணம் மட்டும் வேற."